பனியில் வெந்த கால்

எங்கள் ஊரில் பனியில் கால் வெந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில், சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில் நின்றுகொண்டு பனி சுட்டுவிட்டது என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொல்கிற கதையில் நான் செய்தது இருக்காது. அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் அவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

முதலில் வயலைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சாகுபடி செய்தது ஒரு மிராசு வீட்டு நிலம். என் மாமனார் அந்த வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். பிறகு சட்டம் வந்தது, குத்தகைக்காரர் என்று தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது, அவருக்குப் பின் என் வீட்டுக்காரர் பெயர் ஏறியது. மிராசுவின் பேரன் சென்னையில் இருக்கிறார். வயலுக்குள் ஒருநாளும் இறங்கியவரில்லை. அதை இறால் பண்ணைக்காரர்களுக்கு விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. குத்தகைக்காரன் இருக்கிற நிலத்தை யார் வாங்குவார்கள்? அதனால் எங்கள் மேல் கேஸ் போட்டார். இந்த ஆள் தானாக உழைத்துச் சாகுபடி செய்வதில்லை, ஆள் வைத்துத்தான் செய்கிறார், ஆகையால் இவருக்குக் குத்தகை உரிமை கிடையாது என்று.

எங்கள் வக்கீல் நல்ல மனிதர். அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் சொன்னார். சேற்றில் கால் வைத்து உழைக்கிறவனுக்குத்தான் சட்டம், கால் கரையேறிவிட்டால் நிலமும் போய்விடும். என் வீட்டுக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "என் காலு வயல்ல இருக்கறவரைக்கும் எவனும் அசைக்க முடியாது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் பேசாத கட்சி எங்கள் பக்கம் கிடையாது. ஓர் ஆட்சியில் இலவச டிவி வந்தது, அடுத்த ஆட்சியில் மிக்சி வந்தது. எங்கள் கேஸ் மட்டும் இரண்டு ஆட்சியிலும் வாய்தாவிலேயே இருந்தது.

அந்தக் காலிலும் ஒரு கோளாறு இருந்தது. அவருக்குச் சர்க்கரை. ஒருமுறை உள்ளங்காலில் கருவேல முள் தைத்து மூன்று நாள் உள்ளேயே இருந்திருக்கிறது, மனிதருக்குத் தெரியவில்லை. நான்தான் பார்த்துப் பிடுங்கினேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, வீட்டுக்குள் கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று கண்டித்து அனுப்பினார். இவர் திரும்பி வரும் வழியெல்லாம் என்னிடம் சண்டை. வயலில் செருப்போடா இறங்குவார்கள், களத்தில் செருப்போடா ஏறுவார்கள், அந்தம்மா எந்த ஊரு என்று. நான் அன்றிலிருந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். பார்த்து என்ன கிழித்தேன்?

அந்த வருஷம் சம்பா கதிர் வருகிற நேரத்தில் ஆற்றில் தண்ணீர் நின்றுபோனது. கடைமடைக்கு எப்போதும் கடைசியில்தான் வரும், போகும்போது முதலில் போய்விடும். தை பிறந்தபோது வயல் வெடித்துக் கிடந்தது. மாட்டை அவிழ்த்து மேயவிட்டோம். அறுக்க ஒன்றுமில்லை, கையில் வேலையுமில்லை. அப்போதுதான் காவிரித் தண்ணீர் கேட்டு டெல்லிக்குப் போகிறோம் என்று விவசாயிகள் கூட்டம் ஒன்று கிளம்பியது. பெண்களும் வரலாம் என்றார்கள். எங்கள் ஒரே மகளை நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் எனக்குக் காவல் காக்க என்ன இருக்கிறது? நானும் இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

டெல்லியில் இரண்டு நாள் ரோட்டில் உட்கார்ந்து கத்தினோம். யாரோ வந்து மனுவை வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு மூன்று நாள் இருந்தது. எங்களோடு வந்தவர்களில் அதிராம்பட்டினத்துப் பாய் ஒருவர் இருந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், இருபது வருஷம் சவுதியில் கடையில் நின்றவர், இந்தி நன்றாகப் பேசுவார். அவர்தான் பேச்சை எடுத்தார். ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது கால்கா என்கிற ஊர், அங்கிருந்து மலைமேல் சின்ன ரயில், சிம்லாவில் இறங்கி பஸ் பிடித்தால் அரைமணியில் பனி. அன்று மாலையே இறங்கிவிடலாம். காரும் வேண்டாம் டிரைவரும் வேண்டாம். பாலைவனத்தில் வெந்த காலத்தில் ஒருநாள் பனியைத் தொட்டுப் பார்க்கணும் என்று நினைத்தாராம், அந்த ஆசை இன்னும் தீரவில்லையாம்.

நான் வேண்டாம் என்றேன். இருக்கிற குளிரே போதாதா, இதில் பனி வேறு கேட்கிறதா என்றேன். என் வீட்டுக்காரர் பாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பனி உருகித்தானே வடக்கே ஆற்றிலெல்லாம் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது என்று. பாய் ஆமாம் என்றார். அதற்கப்புறம் இவரை நிறுத்த முடியவில்லை.

"ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்டி" என்றார். "மலை மேலயே தண்ணிய குமிச்சு வச்சிருக்கான் பாரு. யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல, மனு குடுக்க வேண்டியதில்ல. நம்ம ஆத்துக்கு அப்படி ஒரு மலை இல்லாமப் போச்சு."

இந்த மனிதர் என்னிடம் இது வேண்டும் என்று கேட்டது அபூர்வம். சரி என்றேன்.

சின்ன ரயில் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வளைந்து வளைந்து போகும்போது எங்கள் பெட்டியின் ஜன்னலிலேயே இன்ஜின் தெரிந்தது. குகைக்குள் நுழையும்போதெல்லாம் பிள்ளைகள் கூச்சல் போட்டன. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களைப் பார்த்துவிட்டு இவர் அந்த வரப்பு இடிந்தால் யார் கட்டுவது, இந்தத் துண்டு வயலில் எப்படி மாட்டைத் திருப்புவான் என்று பாயைக் குடைந்துகொண்டே வந்தார். நான் ரவிக்கைக்கு மேல் ரவிக்கை, அதற்கு மேல் இவருடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு என்று அலங்கோலமாக உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த வடநாட்டுப் பெண் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

சிம்லாவில் பஸ் பிடித்து மேலே போய் இறங்கினோம். இறங்கின இடத்தில் குதிரைச் சாணமும் சகதியுமாக இருந்தது. இதுவா பனி என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாடகைக்கு நீளமான ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். செருப்பைக் கடையில் விட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டோம். பாய், ஆசைதீர ஓரத்தில் கிடந்த பனியில் ஒரு உருண்டை பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் போகிற பஸ்ஸை விசாரித்துவிட்டு வருகிறேன், மத்தியான லுஹர் தொழுகைக்கும் இடம் பார்க்க வேண்டும், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் ஒரு டீக்கடைக்குப் பின்னால் நடந்து போனோம். அங்கே ஆள் கால் படாத சரிவு ஒன்று இருந்தது. வேதாரண்யம் உப்பளத்தில் குவித்திருப்பார்களே, அது மாதிரி வெள்ளை வெளேரென்று, ஆனால் மலை முழுக்க.

இவர் நின்றார். அப்புறம் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. அணை திறந்து புதுத்தண்ணீர் வாய்க்காலில் வருகிற அன்று, அது மெல்ல நுரையும் சருகுமாக வருகிறபோது, ஊரே கரையில் நிற்கும். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுக் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, வருகிற தண்ணீருக்கு எதிரே நின்று, கையிலிருக்கிற நெல்லையும் பூவையும் தூவிக் கும்பிடுவார்கள். செருப்புக் காலோடு புதுத்தண்ணீரில் நிற்கிறவன் எங்கள் ஊரில் கிடையாது. அவர் குனிந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்ன செய்கிறார் என்று. டாக்டரம்மா சொன்னது நினைவில்லையா என்றால், இருந்தது. தொண்டைவரை வந்தது. ஆனால் ஒருவர் தண்ணீரைக் கும்பிடுகிறபோது இடையில் புகுந்து திட்டுகிற பழக்கம் எங்களுக்கில்லை. மடியில் நெல் இல்லை, பூ இல்லை. ரயிலில் வாங்கிய பொரி கொஞ்சம் இருந்தது. அதைத் தூவினார். நானும் நின்ற இடத்திலேயே கும்பிட்டேன். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க நாங்கள் கும்பிட வேறு தண்ணீர் வரவில்லை.

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார் என்று பார்த்தால், மனிதர் நடக்க ஆரம்பித்துவிட்டார். முழங்கால்வரை புதைகிறது. நாற்றங்காலில் நடக்கிற அதே நடை, ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணுமே தெரியலடி. நல்லாருக்கு" என்றார். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதானே வியாதி. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பாதம் இரண்டும் ஊறவைத்த அரிசி நிறத்தில் இருந்தது. தொட்டால் பிணத்தைத் தொட்ட மாதிரி. முந்தானையால் தேய்த்தேன். பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. தோளில் கைபோட்டு டீக்கடைக்குள் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பெஞ்சுக்கு முன்னால் ஒரு தகரச் சட்டியில் கரிக்கங்கு கனன்றுகொண்டிருந்தது, எல்லோரும் கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் கீழே உட்கார்ந்து அவர் இரண்டு காலையும் பிடித்துக் கங்குக்கு மேலே காட்டினேன்.

டீக்கடைக்காரன் கத்தினான். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். அடுப்புப் பக்கம் காலை நீட்டுகிறோம், நெருப்பை அவமதிக்கிறோம் என்று திட்டுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டிலும் அடுப்புக்கு நேரே காலை நீட்டவிடமாட்டோம். ஆனாலும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் கால் விறைத்துக் கிடக்கிறது, உனக்குச் சாஸ்திரம் பெரிதாகப் போய்விட்டதா, காசு கொடுத்துத்தானே டீ குடிக்கிறோம் என்று தமிழிலேயே அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் கிட்டே வந்து என் கையைப் பிடிக்கப் பார்த்தான். தட்டிவிட்டேன். தட்டிவிட்டுக் காலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன், நன்றாகச் சூடு ஏறட்டும் என்று. இவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். சுடுகிறதா என்று கேட்டேன். இல்லை, இதமாக இருக்கிறது என்றார்.

நாற்றம்தான் முதலில் வந்தது. அதற்குள் பாய் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுக் காலை இழுத்தார். வலது பாதத்தின் அடியில் தோல் வழன்று தொங்கியது.

டீக்கடைக்காரன் இப்போது கத்தவில்லை. பாயிடம் மெதுவாகச் சொன்னான். என்ன சொல்கிறான், சொல்லுங்க பாய் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"விறைச்ச காலை நெருப்புல காட்டக் கூடாதும்மா, காட்டக் கூடாதும்மான்னு அவரு கெஞ்சிருக்காரு, தங்கச்சி. வெந்தாலும் தெரியாதாம்."

நான் அந்த மனிதனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட அவன் பாஷையில் என்னிடம் ஒரு சொல் இல்லை. அவன் ஒரு பழைய கம்பளித் துணியைக் கிழித்து என்னிடம் கொடுத்தான்.

சிம்லாவில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பாய் எவ்வளவோ சொன்னார். இவர் கேட்கவில்லை. படுக்கச் சொல்லிவிட்டால் ஊர்க்கூட்டத்தோடு போகிற ரயில் போய்விடும், அடுத்த வாரம் கேஸ் வாய்தா, ஆள் நிற்காவிட்டால் எதிர்த்தரப்புக்குச் சாதகம் என்றார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக் கட்டினோம். சின்ன ரயிலில் மலையிறங்கும்போது காலை என் மடியில் வைத்திருந்தேன். அவருக்கு வலியில்லை, தூங்கிவிட்டார். ஊர் வந்து சேருவதற்குள் கட்டு இரண்டு தடவை ஊறிப்போனது. பாய் தன் படுக்கையை எங்களுக்கு விட்டுவிட்டு வழி முழுக்கக் கதவோரம் உட்கார்ந்து வந்தார். நான்தானே கூட்டிட்டுப் போனேன் என்று இரண்டொரு தடவை சொன்னார். காலைக் கங்கில் பிடித்தவள் நான்தானே.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலின் விரல் ஐந்தையும் எடுத்தார்கள். எடுத்தும் புண் ஆறவில்லை. ஓரம் ஆறினால் நடுவில் கசியும். மண் படக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நெல் விளைவிக்கிறவனிடம் சொல்கிற சொல்லா அது?

இந்தச் செய்தி ஊரைச் சுற்றி மிராசுவின் ஏஜெண்டு காதுக்குப் போனது. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் புதிதாக ஒரு மனு போட்டார். இவர் வடநாட்டுக்கு உல்லாசப் பயணம் போய்ப் பனிமலையில் விளையாடிக் காலைக் கெடுத்துக்கொண்டவர், இனி உடலுழைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, நேரில் வந்து பார்க்கலாம் என்று. கோர்ட்டில் பனிமலை என்று படித்தபோது பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் ஒற்றைக்கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. நாங்கள் நடுகிற அன்று, அந்த மனுவின் பேரில், ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்பார்களே, அவர் வயலைப் பார்க்க வருகிறார் என்று முதல்நாள் சேதி வந்தது. அன்று ராத்திரி நான் அவரிடம் கெஞ்சிய கெஞ்சல் கொஞ்சமில்லை. கரையில் நின்று பேசினால் போதும், எத்தனை ஆள் சாட்சி சொல்லுவார்கள் என்றேன். அவர் காது கொடுத்தால்தானே.

காலையில் எனக்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார். கட்டின் மேல் உரப்பையின் உள்ளுறையைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். நான் போய் வழியை மறித்து நின்றேன்.

"எறங்காதீங்க. நெலம் போனாப் போவட்டும்."

"அப்பாரு பேருல வந்த நெலம்டி. என் காலால போச்சுன்னு இருக்கக் கூடாது" என்றார்.

என்னைக் கையால் ஒதுக்கிவிட்டுப் போனார். நான் என்ன, அவரைக் கட்டியா போட முடியும்? நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினேன். ஜீப் வந்தது. ஆர்.ஐ., சர்வேயர், ஏஜெண்டு மூன்று பேரும் வரப்பில் நின்றார்கள். இவர் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலளவு சேற்றில் நின்று, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆர்.ஐ.க்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, போதும் பெரியவரே ஏறுங்க என்றார். இவர் ஏறவில்லை. ஜீப் மெயின் ரோட்டைத் தொடுகிறவரை குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கை தள்ளி நான் குனிந்து நட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிவந்த நாளிலிருந்து நான் அந்த வயலில் குனியாத வருஷம் கிடையாது. ஆனால் பதிவேட்டில் என் பெயர் எங்கேயும் இல்லை.

நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. காலில் சேறு ஏறிச் சீழ் வைத்துவிட்டது. மறுபடியும் தஞ்சாவூர். இந்தத் தடவை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பங்குனியில் உத்தரவு வந்தது. எங்களுக்குச் சாதகம். குத்தகை உரிமை செல்லும் என்று. மகள் வந்து இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற நாளாக இருந்ததால் நான் தனியாகத்தான் வக்கீல் வீட்டுக்குப் போய் நகலை வாங்கினேன். வக்கீல் சந்தோஷமாக இருந்தார். பேச்சுவாக்கில் நான் சொன்னேன், அன்றைக்கு அவர் இறங்காமல் இருந்திருந்தால் தோற்றிருப்போம் இல்லையா, அதற்காகவாவது போன கால் போனதாக இருக்கட்டும் என்று. எனக்கு அப்படி ஒரு சமாதானம் வேண்டியிருந்தது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"குடும்பத்துல யாரு உழைச்சாலும் போதும்னுதாம்மா சட்டத்துல இருக்கு. நீங்க நட்டதைக் காட்டியிருந்தாலே போதுமே. நீங்க வயல்ல எறங்குவீங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியே."

யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தான். என் உழைப்பும் உழைப்பு என்று எனக்கே தெரியாதபோது நான் யாரிடம் போய்ச் சொல்வது? எழுந்து கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் மூன்று போனது. நான் ஏறவில்லை. இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் ஆவணியில் எங்கள் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்தது. ஊரே கரையில் நின்றது. இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து பூவரச மரத்தடியில் உட்காரவைத்திருந்தோம். இவருக்குப் பதிலாக நெல்லும் பூவும் என் கையில். நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் திரும்புகிறது. எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. எவ்வளவு வாங்கிக்கொள்ளும் இந்தத் தண்ணீர் என்று இருந்தது. வேண்டுமென்றேதான் செருப்பைக் கழற்றாமல் இரண்டு அடி இறங்கினேன்.

"செருப்பக் கழட்டிட்டு எறங்குடி" என்றார் நாற்காலியிலிருந்து.

கழற்றினேன். வேறென்ன செய்வது? வாய்க்காலுக்குள் நின்றேன். தண்ணீர் வந்து விரலைத் தொட்டது, கணுக்காலுக்கு ஏறியது. கையிலிருந்ததைத் தூவினேன்.

"சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றேன்.